மேசையில் தட்டுபவர்

பெப்ரவரி 3, திங்கள்

காலையில் பணிப்பாளர் திருமதி அபேகோன் எங்கள் இருவரையும் தன் அறைக்குக் கூப்பிட்டார். நான் கதிரையை இழுத்து முன்னால் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். சுகந்தினி எனக்குப் பின்னால் நின்றாள்.

விஷயம் பெரியது. மத்திய ஆபிரிக்க நாடொன்றில் ஊர்களை எரித்துக்கொண்டு திரிகிற ஆயுதக்குழு ஒன்றின் தலைவர்கள் மீது ஐ.நா. பாதுகாப்புச் சபை தடை விதித்திருக்கிறது. அவர்களுடைய சொத்து எந்த நாட்டில் இருந்தாலும் முடக்க வேண்டும். அவர்களுக்கோ முடக்கிய சொத்துக்கோ யாரும் ஒன்றும் வழங்கக்கூடாது. நியூயோர்க்கில் தீர்மானம் எழுதினால் மட்டும் போதாது. அந்தந்த நாட்டுச் சட்டத்தில் அது எழுதப்பட்டு அரசிதழான வர்த்தமானியில் வந்தால்தான் கொழும்பில் ஒரு வங்கி முகாமையாளர் ஒரு கணக்கை நிறுத்துவார். இங்கே அதை எழுதுவது எங்கள் சட்டவரைவுப் பிரிவு.

"இதை நீங்கள்தான் எழுத வேண்டும். வேறு யாரிடமும் கொடுக்க எனக்கு மனமில்லை" என்றார் பணிப்பாளர்.

நான் அடக்கமாகத் தலையாட்டினேன். பிறகுதான் கவனித்தேன், அவர் என் தலைக்கு மேலால் சுகந்தினியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எனக்கு இந்தக் கந்தோரில் இருபத்திரண்டு வருடம். என் மனைவி சுகந்தினிக்குப் பதினாறு. அவள் வந்து சேர்ந்தபோது ஒரு விதியில் 'அல்லது' எங்கே வரவேண்டும், 'மற்றும்' எங்கே வரக்கூடாது என்று பக்கத்தில் இருந்து சொல்லிக்கொடுத்தவன் நான். கலியாணம் அதற்குப் பிறகுதான் வந்தது. வேலை முடிந்ததும் பணிப்பாளரோடு நியூயோர்க் போய், மற்ற நாட்டு வரைஞர்களுக்கு முன்னால் அதை விளக்கவும் வேண்டுமாம். அதுவும் சுகந்தினிதான்.

"தில்லைநாதன், நீங்கள் இரண்டாம் வாசிப்புச் செய்யுங்கள். உங்களுடைய காது எனக்கு வேண்டும்" என்றார்.

இரண்டாம் வாசிப்பு என்பது எங்கள் பிரிவின் பழைய வழக்கம். எழுதியவர் தன் வரைவை வாய்விட்டு வாசிப்பார். மற்றவர் கையில் கடதாசி இல்லாமல் கேட்டுக்கொண்டிருப்பார். ஏதாவது குறைந்தால் மடக்கிய விரலின் மொழியால் மேசையில் ஒரு தட்டல். வாசிப்பவர் உடனே நிற்க வேண்டும். தட்டாவிட்டால் சரி என்று அர்த்தம். இதற்குக் கையெழுத்துக் கிடையாது, நம்பிக்கைதான். இந்தக் கட்டிடத்தில் என்னைப்போலத் தட்ட ஆள் இல்லை என்பார்கள். நல்ல பெயர்தான். ஆனால் தட்டுகிறவனை யாரும் நியூயோர்க் அனுப்புவதில்லை.

எனக்குப் பொறாமை இல்லை. கதிரையை அவ்வளவு முன்னுக்குப் போட்டிருக்க வேண்டாம் என்றுதான் நினைக்கிறேன்.

பெப்ரவரி 5, புதன்

சமையல், துணி, மின்சாரக் கட்டணத்துக்கு வரிசை எல்லாம் நான். சுகந்தினி மேசை நிறைய ஐ.நா. தீர்மானங்களைப் பரப்பி வைத்திருக்கிறாள். சாப்பாட்டுக் கோப்பையை வைக்க இடமில்லை. மடியில் வைத்துச் சாப்பிட்டேன்.

"இஞ்சருங்கோ, 'முடக்கம்' எண்டு போடவோ, 'உறையச்செய்தல்' எண்டு போடவோ?" என்று கேட்டாள்.

"உமக்குத்தானே எல்லாம் தெரியும்" என்றேன்.

"என்னப்பா, ஒரு சொல்லுத்தானே கேட்டனான்."

"முடக்கம்" என்றேன். அது நல்ல சொல். அதை அவள் பாவித்தால் எல்லோரும் அவள் சொல் என்றுதான் நினைப்பார்கள்.

பெப்ரவரி 9, ஞாயிறு

மகள் பேராதனைப் பல்கலைக்கழக விடுதியில் இருந்து அழைத்தாள். "அம்மா கலக்கிட்டீங்க! நியூயோர்க்! எங்கட பட்ச் பிள்ளையள் எல்லாருக்கும் சொல்லிட்டன்!" அவளுக்கும் அம்மாவுக்கும் அரைமணி நேரப் பேச்சு. பிறகு போன் என் கைக்கு வந்தது. "அப்பா, சுகமோ? அம்மாவை நல்லாப் பாத்துக்கொள்ளுங்கோ, சரியோ?" வைத்துவிட்டாள்.

நான் பாடசாலையில் பேச்சுப் போட்டியில் முதல் பரிசு வாங்கியதை இந்தப் பிள்ளைக்கு யாரும் சொல்லியிருக்கமாட்டார்கள்.

வரைவு நின்றுபோயிருக்கிறது. ஏழாம் விதியில் ஒரு விலக்கு இருக்கிறது. முடக்கிய சொத்தை நம்பியிருக்கிற மனிதர்களுக்குச் சாப்பாடு, தண்ணீர், மருந்து கொடுக்க 'தகுதிவாய்ந்த அதிகாரி' அனுமதிக்கலாம். அந்த அதிகாரி யார் என்று ஒன்பதாம் விதி சொல்லும். இரண்டு அமைச்சுகளைக் கேட்டார்கள். இரண்டும் இந்தத் தலையிடி எங்களுக்கு வேண்டாம் என்று கைகழுவிவிட்டன. "ஒன்பதை இப்போதைக்கு வெளியே எடுத்து வையுங்கள், அவர்கள் முடிவு சொன்னதும் திரும்பப் போடுங்கள்" என்று பணிப்பாளர் சொன்னாராம். சுகந்தினி எடுத்துவிட்டாள். பத்தாவதாக இருந்த தண்டனை விதி மேலே ஏறி ஒன்பதாகிவிட்டது.

இப்படி எடுத்து வைத்த விதிகள் திரும்பி வராமல் போன கதை எங்கள் கந்தோரில் நிறைய. அதற்குத்தான் இரண்டாம் வாசிப்பு.

பெப்ரவரி 11, செவ்வாய்

அனுமதி கொடுக்கும் பொறுப்பை ஏற்க ஒரு அமைச்சு இறங்கி வந்துவிட்டதாம். தொலைபேசியில் சுகந்தினி, "ஓம் ஓம், போட்டுவிடுறன்" என்று சொன்னது கேட்டது. அதே நேரம் பயணச்சீட்டுக்காரனும் அடுத்த இணைப்பில் நின்றான். அவளுக்கு ஒரு காதில் அமைச்சு, மறு காதில் விமானம்.

நான் வெண்டிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன்.

பெப்ரவரி 12, புதன், பௌர்ணமிப் போயா விடுமுறை

கந்தோர் பூட்டு. இரண்டாம் வாசிப்பை வீட்டிலேயே வைத்துக்கொண்டோம். இரவுக்குப் புட்டு அவித்து, கத்தரிக்காய்ப் பொரித்த குழம்பும் வைத்து மூடிவிட்டு, சாப்பாட்டு மேசையில் எதிரெதிரே உட்கார்ந்தோம். அவள் குளித்துத் தலையை விரித்துவிட்டிருந்தாள். வாசிக்கும்போது அவளுக்கு ஒரு குரல் வரும். கந்தோரில் வந்த புதிதில் அந்தக் குரலைக் கேட்கத்தான் நான் அவளுடைய வரைவுகளை எடுத்து எடுத்து வாசிக்கச் சொன்னேன். அது வேறு காலம்.

நன்றாகத்தான் எழுதியிருக்கிறாள். இதைச் சொல்ல எனக்குச் சிரமமாக இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன். இரண்டாம் விதியில் ஒரு தட்டல், நாலில் ஒரு தட்டல். இரண்டும் சின்னக் குறைகள். அவள் சிரித்துக்கொண்டே திருத்தினாள்.

ஏழாம் விதியை வாசிக்கும்போது அடுப்படியில் குக்கர் விசில் அடித்தது. எழுந்துபோய் நிறுத்திவிட்டு வந்தேன். ஆகவே அந்த விதியை நான் முழுதாகக் கேட்கவில்லை. பிறகு எட்டு. பிறகு ஒன்பது, தண்டனை. கடுமையான, நல்ல சொற்கள்.

"முடிஞ்சுது. இனி ஒண்டுமில்லையோ?" என்று கேட்டாள்.

"என்ன இருக்கு?" என்றேன்.

புட்டு கொஞ்சம் காய்ந்துபோயிருந்தது.

பெப்ரவரி 18, செவ்வாய்

வர்த்தமானியில் வந்துவிட்டது. பணிப்பாளர் பட்டர் கேக் வாங்கி வந்தார். நான் இரண்டு துண்டு சாப்பிட்டேன். மூன்றாவதுக்குக் கை நீட்டும்போது துறைமுகத்தில் இருந்து தொலைபேசி.

எங்கள் நாலாம் மாடி யன்னலில் நின்றால் துறைமுகமும் அதற்கு வெளியே கடலும் தெரியும். இயந்திரம் பழுதாகி ஒரு நீலக் கப்பல் கிட்டத்தட்ட ஒரு மாதமாக அலைதடுப்புக்கு அப்பால் நங்கூரம் போட்டு நிற்கிறது. 'மரிசோல்' என்று பெயர். அந்தக் கப்பலின் கம்பனி, தடைப்பட்டியலில் நாலாவதாக இருக்கிற தலைவருடையது என்று தெரியவந்திருக்கிறது. கப்பல் இன்று முதல் முடக்கம். நகரக்கூடாது, அதற்கு யாரும் எதுவும் வழங்கக்கூடாது.

எல்லோரும் யன்னலுக்கு ஓடினார்கள். கைதட்டினார்கள். வெளிவந்த அன்றே ஒரு கப்பலைப் பிடித்த சட்டம் இந்தப் பிரிவில் இதுவரை எழுதப்பட்டதில்லை. நான் எழுதிய மீன்பிடி வலை ஒழுங்குவிதிகள் இன்றுவரை ஒரு நெத்தலியைக்கூடப் பிடிக்கவில்லை.

சுகந்தினி யன்னலருகில் வெட்கத்தோடு நின்றாள். என்னைத் தேடிப் பார்த்தாள். நான் கேக் கத்தியைக் கழுவப் போனேன்.

பெப்ரவரி 22, சனி

சுகந்தினியைக் கட்டுநாயக்கா விமான நிலையத்தில் கொண்டுபோய் விட்டேன். நீலக் கரை போட்ட சாம்பல் நிறச் சேலை, நான் வாங்கிக் கொடுத்தது இல்லை. "சாப்பாட்டைத் தவறவிடாதேங்கோ" என்றாள். வரும் வழியில் மழை. காரின் துடைப்பான் வேலை செய்யவில்லை.

பெப்ரவரி 24, திங்கள்

பணிப்பாளர் அனுப்பிய படம் கந்தோர் முழுக்கச் சுற்றுகிறது. சுகந்தினி ஒலிவாங்கிக்கு முன்னால். பக்கத்தில் ஆறடி உயரத்தில் ஒரு வெள்ளைக்காரப் பிரதிநிதி, இவள் சொல்வதைக் கேட்கக் குனிந்து நிற்கிறான். 'சிறிய நாடுகளுக்கு ஒரு முன்மாதிரி வரைவு' என்று யாரோ பாராட்டினார்களாம். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அவள் சிரிப்பது எனக்குத் தெரிந்த சிரிப்புத்தான். ஆனால் வீட்டில் அதைப் பார்த்துக் கனகாலம்.

வயிறு எரிகிறது. எழுதிவிட்டேன், போதும்.

பெப்ரவரி 25, செவ்வாய்

மர்சூக் ஹாஜியார் என்று ஒருவர் வந்தார். கப்பல்களுக்கு அரிசி, மரக்கறி, குடிதண்ணீர் ஏற்றுகிறவர். தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு நின்றார்.

"சேர், மரிசோலுக்கு நான்தான் சாமான் ஏத்துறது. சட்டம் வந்த நாள்ல இருந்து நிப்பாட்டிட்டேன். ஒரு போத்தல் தண்ணி குடுத்தாலும் ஜெயிலுன்னு லோயர் சொல்றாரு. ஆனா உள்ள பதினாலு மனுசங்க ஈக்கிறாங்க. எஞ்சின் பழுது, கடல் தண்ணியச் சுத்தப்படுத்துற மெஷினும் ஓடாது. அனுமதி எடுத்தா குடுக்கலாம்னு ஏழாவதுல ஈக்கிது. அந்த அதிகாரி யாருன்னு மட்டும் சொல்லுங்க. நான் போய் அவர் வாசல்ல நிக்கிறேன்."

வர்த்தமானியை விரித்து விதி விதியாகப் பார்த்தேன். பார்க்க வேண்டிய தேவை இருக்கவில்லை.

"இதை எழுதினவர் வெளிநாட்டில். அவர் வந்துதான் சொல்லவேணும்" என்றேன்.

"எப்ப வருவாங்க?"

"அடுத்த கிழமை."

"சேர், தண்ணி…"

"எழுத்தில கொண்டுவாங்கோ, பாப்பம்" என்றேன். அப்படித்தான் சொல்வது முறை.

அவர் போனபிறகு தொலைபேசியைக் கையில் எடுத்தேன். சுகந்தினியிடம் சொன்னால் பணிப்பாளரும் பக்கத்தில்தான் இருப்பார். நாளை அவர்களுக்கு முக்கியமான அமர்வு. குழப்பக்கூடாது என்று வைத்துவிட்டேன். தன் வரைவில் உள்ள ஓட்டையைத் தானே கண்டுபிடிக்கட்டும். முன்மாதிரி வரைவு அல்லவா?

பெப்ரவரி 26, புதன், சிவராத்திரி

விடுமுறை. விரதம். கோயிலில் சனம். ஐயர் தீர்த்தம் தந்தார். ஒரு வாய் குடித்தேன். பின்னேரம் காலிமுகத்திடல் கடற்கரையில் நடந்தேன். அங்கிருந்தும் அந்தக் கப்பல் தெரிகிறது. மேல்தளத்தில் ஏதோ வெள்ளையாக விரித்துக் கட்டியிருந்தார்கள். மழைத்தண்ணீர் பிடிக்க என்று கடலை விற்கிறவன் சொன்னான். வானத்தில் ஒரு முகில் இல்லை.

நாளைக்குச் சொல்லலாம்.

பெப்ரவரி 27, வியாழன்

மர்சூக் ஹாஜியார் எழுத்தில் கொண்டுவந்தார். வாங்கி வைத்தேன்.

பெப்ரவரி 28, வெள்ளி

ஹாஜியார் காலையிலேயே வந்துவிட்டார். இம்முறை பேசவில்லை. தன் கைத்தொலைபேசியை என் மேசையில் வைத்து ஒலிபெருக்கியைப் போட்டார்.

"சார், நான் ஜெரோம். தூத்துக்குடி. மரிசோல்ல குக்கு" என்றது ஒரு குரல். "தமிழ் ஆபீசர் ஒருத்தரு இருக்காருன்னு ஹாஜியார் சொன்னாரு. அதான் சார்."

"சொல்லுங்கோ" என்றேன்.

"ஆளுக்கு ரெண்டு டம்ளர்தான் சார் அளந்து கொடுக்கேன். சோறு வடிக்கத் தண்ணி இல்ல. எஞ்சின் ரூம்ல ஒரு வயசான ஆளு, பர்மாக்காரரு, நேத்துல இருந்து எந்திரிக்கல. ஒண்ணுக்கு வரலைங்காரு. நாங்க என்ன சார் செஞ்சோம்? ஓனரு எவன்னே எங்களுக்குத் தெரியாது. சம்பளம் கேட்டுத்தான் இங்க கெடந்தோம். கரை கண்ணுக்கு முன்னால தெரியுது சார். உங்க ஆபீஸ் எது, அந்தக் கண்ணாடிக் கட்டடமா, பக்கத்துல உள்ள வெள்ளையா?"

"வெள்ளை" என்றேன்.

"கொஞ்சம் ஜன்னல்கிட்ட வாங்க சார். நாங்க கையசைக்கோம்."

நான் போகவில்லை. ஹாஜியார் போனார். அவர் தொப்பியை எடுத்து ஆட்டிக்கொண்டு நின்றதைப் பார்த்தேன். அத்தனை தூரத்தில் யாருக்கும் எதுவும் தெரியாது. ஆனாலும் ஆட்டினார்.

சுகந்தினியை அழைத்தேன். அங்கே நடுச்சாமம். மூன்றாவது மணியில் எடுத்தாள்.

"என்னப்பா, பிள்ளைக்கு என்ன?"

"பிள்ளைக்கு ஒண்டுமில்லை. நான் ஒண்டு வாசிக்கிறன், கேளும்." எனக்கு வேறு விதமாகச் சொல்லத் தெரியவில்லை. வாசித்தேன். "ஏழு. நான்காம் ஒழுங்குவிதியில் எது கூறப்பட்டிருப்பினும், உணவு, குடிநீர், மருந்து என்பன தகுதிவாய்ந்த அதிகாரியின் எழுத்துமூல அனுமதியுடன் வழங்கப்படலாம். எட்டு. முடக்கப்பட்ட கப்பல் எதுவும்…" எட்டை முடித்தேன். "ஒன்பது. இவ்விதிகளை மீறும் எவரும்…"

அந்தப் பக்கத்தில் ஒரு தட்டல் கேட்டது. கட்டில் தலைமாட்டுப் பலகையாக இருக்கவேண்டும். நான் நின்றேன்.

"ஐயோ" என்றாள். "ஒன்பதை நான் திரும்பப் போடேல்லை."

கப்பலைப் பற்றி, தண்ணீரைப் பற்றி, பர்மாக்காரரைப் பற்றிச் சொன்னேன். செவ்வாய்க்கிழமையில் இருந்து என்று சொல்லவில்லை. ஆனால் ஹாஜியார் பக்கத்தில் நின்று, "செவ்வாக்கிழமையே வந்தேன் மிஸ்" என்று சத்தமாகச் சொல்லிவிட்டார்.

"செவ்வாய்க்கிழமையோ?" என்றாள்.

"அண்டைக்கு நீர் ஏழாவதை வாசிக்கேக்க குக்கர் விசில் அடிச்சதெல்லோ" என்றேன். "நான் எழும்பிப் போனனான்."

"குக்கரோ? அண்டைக்குப் புட்டெல்லோ அவிச்சனாங்கள்" என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. "நீங்கள் எழும்பேல்லை. உங்கட விரல் மேசைக்கு வந்ததை நான் கண்டனான். வந்து, அப்படியே நிண்டது. பேந்து மடங்கிப் போச்சுது. யோசிச்சுப் பாத்திட்டுச் சரியெண்டுதான் விட்டிட்டீங்கள் எண்டு நினைச்சு நான் மேல வாசிச்சனான்."

நான் வர்த்தமானியை மடித்து வைத்தேன்.

"நான் மேடத்தை எழுப்பிச் சொல்லுறன். நீங்கள் ஒன்பதை எழுதுங்கோ. கெதியா எழுதுங்கோ."

எழுதினேன். ஒரே ஒரு வசனம். இறங்கி வந்த அந்த அமைச்சின் செயலாளரே தகுதிவாய்ந்த அதிகாரி என்று. இருபத்திரண்டு வருடத்தில் நான் எழுதியதில் மிகவும் சின்ன ஒழுங்குவிதி அதுதான்.

மார்ச் 1, சனி

திருத்தம் அதிவிசேட வர்த்தமானியாக நேற்று இரவே வந்துவிட்டது. இன்று விடிய அனுமதி. தண்ணீர்ப் படகு போனதை யன்னலில் இருந்து பார்த்தேன். சனிக்கிழமை என்றாலும் கந்தோருக்குப் போயிருந்தேன். திரும்பி வந்த படகில் ஒருவரைப் படுக்கவைத்துக் கொண்டுவந்தார்கள்.

மார்ச் 4, செவ்வாய்

பர்மாக்காரர் அரச ஆஸ்பத்திரியில். உயிருக்குப் பயமில்லையாம். சிறுநீரகம் இரண்டும் பழுதாம். இனி வாழ்நாள் முழுக்கக் கிழமைக்கு மூன்று தரம் இரத்தம் சுத்திகரிக்க வேண்டுமாம். ஹாஜியார் தொலைபேசியில் சொன்னார். "செவ்வாக்கிழமை குடுத்திருந்தா" என்று தொடங்கி, "சரி சேர், அல்லாஹ் போதும்" என்று வைத்துவிட்டார்.

தோடம்பழம் வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரி வாசல்வரை போனேன். பார்வை நேரம் முடிந்திருந்தது. இல்லை, முடிந்திருக்கவில்லை, இன்னும் கால்மணி நேரம் இருந்தது. குக்கரைப்போல இதையும் எழுதிவைத்துவிடக் கூடாது என்று திருத்துகிறேன். வீட்டுக்கு வந்து பழத்தை நானே உரித்துச் சாப்பிட்டேன்.

மார்ச் 8, சனி

சுகந்தினி வந்துவிட்டாள். விமான நிலையத்தில் பையைத் தானே தூக்கினாள். மகளுக்கு ஒரு ஜக்கெற், எனக்கு ஒரு பேனை. வீட்டில் சாமான்களை ஒழுங்காக எடுத்து வைத்தாள், குளித்தாள், சோறு போட்டாள். எல்லாவற்றுக்கும் பதில் சொன்னாள். சண்டை பிடித்தால் எவ்வளவோ நல்லது.

மார்ச் 10, திங்கள்

பணிப்பாளரின் அறை. இம்முறை கதிரை பின்னாலேயே இருந்தது. நான் இழுக்கவில்லை.

"ஒரு மனிதர் இரண்டு சிறுநீரகத்தையும் இழந்திருக்கிறார். இது எப்படி நடந்தது?" என்றார். "இரண்டாம் வாசிப்பு நடந்ததா, இல்லையா?"

"நடக்கேல்லை மேடம்" என்றாள் சுகந்தினி. "போயா விடுமுறை. பயண அவசரம். நான் செய்விக்கேல்லை. முழுப்பிழையும் என்னுடையது."

அவள் என் பக்கம் திரும்பவே இல்லை.

பணிப்பாளர் பெருமூச்சு விட்டார். "நானும் அப்படித்தான் நினைத்தேன். தில்லைநாதன் கேட்டிருந்தால் கட்டாயம் தட்டியிருப்பார்."

நான் வாயைத் திறந்தேன். அந்த நேரம் பார்த்துத் தேநீர் வந்தது.

தேநீர் வரவில்லை. தேநீர் பத்தரைக்கு, நாங்கள் போனது ஒன்பதுக்கு. ஒன்றும் வரவில்லை. அறை அவ்வளவு அமைதியாக இருந்தது. நான் வாயை மூடிக்கொண்டேன்.

தடைகள் சம்பந்தமான வேலை எல்லாம் இனி எனக்கு. ஜூன் மாதம் ஜெனீவாவில் கூட்டம் இருக்கிறது, அதற்கும் நான். வெளியே வரும்போது இரண்டு பேர் கைகொடுத்தார்கள். வேண்டியது எல்லாம் கிடைத்துவிட்டது. எனக்கு இப்போதும் அவள்மேல்தான் பொறாமையாக இருக்கிறது. அவளால் எப்படி அந்த அறையில் அவ்வளவு நேராக நிற்க முடிந்தது?

வீட்டில் கேட்டேன், "ஏன் அப்பிடிச் சொன்னனீர்?"

அரிசி கழுவிக்கொண்டிருந்தாள். "ஒராள் விட்ட பிழையெண்டா மறதி. ரெண்டுபேர் கேட்டும் விட்டதெண்டா, ஏன் தட்டேல்லை எண்டு கேப்பினம். அதுக்கு நான் என்னத்தைச் சொல்லுறது?"

குழாயைப் பூட்டினாள்.

"என்ர புருசனுக்கு என்னில எரிச்சல் எண்டு சொல்லவோ?"

மார்ச் 13, வியாழன், போயா விடுமுறை

அவளுக்கு இப்போது கொடுத்திருப்பது வளர்ப்பு நாய்ப் பதிவு ஒழுங்குவிதிகள். புதிதாகச் சேர்ந்தவர்களுக்குக் கொடுக்கிற வேலை. முகம் சுளிக்காமல் செய்கிறாள்.

பின்னேரம் நான் அடுப்படியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தபோது அந்தக் குரல் கேட்டது. சாப்பாட்டு மேசையில் தனியே உட்கார்ந்து தன் வரைவை வாய்விட்டு வாசிக்கத் தொடங்கியிருந்தாள். என்னைக் கூப்பிடவில்லை. இரண்டாம் விதியில் ஒரு தட்டல். நின்று, எழுதி, மேலே போனாள். வாசிக்கிறவளும் அவளே, தட்டுகிறவளும் அவளே.

துருவுவதை நிறுத்திவிட்டுக் கேட்டேன். மூன்று சரி. நாலு சரி. ஐந்தில், பதிவில்லாத நாயைப் பிடிக்கலாம் என்று வந்தது. ஆறு அடைத்து வைக்கும் இடம். ஏழு கட்டணம். பிடித்த நாயைச் சொந்தக்காரன் எத்தனை நாளுக்குள் வந்து மீட்கலாம் என்று எங்கும் இல்லை. அவள் தட்டாமல் எட்டுக்குப் போய்விட்டாள்.

கையைத் துடைத்துக்கொண்டு வந்து கதவு நிலையில் விரல் மொழியால் ஒரு தரம் தட்டினேன். நன்றாகக் கேட்கும்படிதான் தட்டினேன்.

வாசிப்பு நின்றது. கதிரை பின்னால் போகிற சத்தம். எழுந்து வந்தாள். என் முகத்தைப் பார்த்தாள். பிறகு எனக்கும் மேசைக்கும் நடுவில் இருந்த கதவை மெதுவாகச் சாத்தினாள்.

கொஞ்சம் பொறுத்து உள்ளே குரல் மறுபடி கேட்டது. முதலாம் விதியில் இருந்து. இரண்டு, மூன்று, நாலு. ஐந்து, ஆறு, ஏழு. அந்த இடம் வந்ததும் அவளே மேசையில் தட்டினாள்.